காவலா, சிறையா?

ஒருவனுடைய பையைக் கடைத்தெருவில் திருடன் பறித்துக்கொண்டு ஓடினால், திருடனைத் துரத்துவது நியாயமா, பறிகொடுத்தவனை வீட்டிலே பூட்டி வைப்பது நியாயமா? இதற்கு விடை கூற எவரும் தயங்கமாட்டார். ஆயினும், அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் பேஸ்புக்கிலோ இன்ஸ்டகிராமிலோ வஞ்சிக்கப்பட்டால், நம் வீடுகள் பலவற்றில் முதலில் நடைபெறும் காரியம் அவருடைய கைபேசியைப் பிடுங்கி வைப்பதுதான். அன்பினால் செய்யப்படும் காரியமே. எனினும் தவறான காரியம் என்பது நமது அபிப்பிராயம்.

பள்ளிக்கூட நாட்கள் முடிந்ததும் இத்தகையோரில் பலருக்குத் தோழமை அருகிவிடுகிறது. உடன் பழகியவர்கள் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்விடுகிறார்கள். வீட்டுத் திண்ணையே உலகமாகிவிட்டவருக்குக் கைபேசி பெருந்துணை. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவரும் குரலால் செய்தி அனுப்பலாம். தூரத்து ஊரிலுள்ள அத்தை மகனோடு முகம் பார்த்துப் பேசலாம்.

இத்தோழமைத் தாகத்தையே மோசக்காரர்கள் முதலாகக் கொள்கிறார்கள். முதலில் இனிய பேச்சு. பிறகு, நம் சிநேகம் வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்ற நிபந்தனை. அதன்பின் ஒரு படமோ, பாங்கிலிருந்து வந்த ஓ.டி.பி. எண்ணோ, பாங்குக் கணக்கே இரவலாகவோ கேட்கப்படுகிறது. படம் கைக்கு வந்ததும் மிரட்டல் தொடங்குகிறது. கணக்கை இரவல் கொடுத்தவருக்கோ, தாம் கண்ணாலும் காணாத திருட்டுப் பணத்துக்குப் போலீஸாரிடம் பதில் சொல்ல நேர்கிறது.

இந்நிலையில் கைபேசியைப் பிடுங்குவதால் விளைவது என்ன? நடந்ததைச் சொன்னால் தண்டனை தமக்கே என்று அவர் கற்றுக்கொள்கிறார். அடுத்த முறை சொல்லமாட்டார். அந்த மௌனத்தைவிட மோசக்காரனுக்கு வேறு துணை வேண்டுமா?

சட்டம் இவ்விஷயத்தில் வாயற்றதன்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவுப்படி, ஒருவர் துன்புறுத்தப்படுவதாக நம்பக் காரணமுள்ள எவரும் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம் தகவல் தரலாம். 14-வது பிரிவு கூறும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர், அவருடன் கலந்தே முடிவு செய்யவேண்டியவர். ஆனால் 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவோ, 18 வயது நிரம்பாத குழந்தைகளையும், சட்டப்படி பாதுகாவலருள்ள மாற்றுத்திறனாளிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இரு சாராருக்கும் பிறருடைய சம்மதத்தையே கேட்கிறது. குழந்தை வளர்ந்ததும் அத்தடை நீங்கும். நாற்பது வயதானவருக்கு அது நீங்கும் நாள் எது?

வேண்டியவை வேறு. கம்பெனிகள் தங்கள் விதிகளை எளிய தமிழில், சிறு வாக்கியங்களில், படங்களோடு தரவேண்டும். அந்நியர் அனுப்பும் செய்திகளைத் தடுக்கும் ஏற்பாட்டை, தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய மூலையில் வைக்காமல், தொடக்கத்திலேயே அமைக்க வேண்டும். போலீஸார், திக்கித் திணறிச் சொல்லப்படும் புகாரையும் பொறுமையோடு கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம் என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வீட்டுப் பயிற்சி. ஒரு நாள் உபதேசம் பயன் தராது. அவருடைய கைபேசியையே கையில் வைத்துக்கொண்டு, நேரில் பார்த்தறியாதவருக்குப் படம் அனுப்பாதே, எவருக்கும் எண்ணைச் சொல்லாதே, ரகசியம் என்று ஒருவன் சொன்னால் உடனே வீட்டில் சொல் என்ற மூன்றையும் பலமுறை பழக்க வேண்டும். சொல்லியவரை ஒருபோதும் ஏசலாகாது.

முதலில் தகுதி, பிறகு சுதந்திரம் என்ற வாதம் நம் காதுக்குப் புதிதன்று. நீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் எவருமிலர். கரையில் கட்டிப்போடுவதன்று, உடன் இறங்கிக் கைகொடுப்பதே காவல். இதை நம் குடும்பங்களும் சர்க்காரும் உணர வேண்டும்.