மூர் மார்க்கெட்: மறைந்த கட்டடமும் மறையாத பெயரும்

ஒரு நகரத்தின் வரலாற்றைக் கோட்டைகளையும் கோவில்களையும் போலவே அங்காடிகளும் எடுத்துரைக்கின்றன. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் இயங்கிய பழைய மதுரையை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. அண்மைக்காலச் சென்னைக்கு அவ்வாறு அடையாளமாக விளங்கிய அங்காடி, மூர் மார்க்கெட் ஆகும்.

பிராட்வே பகுதியில் இயங்கிய பாபம் சந்தைக்கு மாற்றாகப் புதிய அங்காடி ஒன்றை அமைக்கச் சென்னை மாநகராட்சி முடிவு செய்தது. மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898ஆம் ஆண்டு அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆர்.இ. எல்லிஸ் வடிவமைத்த அக்கட்டடம் 1900இல் திறக்கப்பட்டு, மூரின் பெயரையே பெற்றது. இந்திய மரபையும் ஐரோப்பிய மரபையும் இணைக்கும் இந்தோ-சாரசனிக் பாணியில், செந்நிறச் சுவர்களும் வளைவுகளும் கொண்டு, சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்தின் அருகே அது எழுந்து நின்றது.

பழம்பொருள்கள், இசைத்தட்டுகள், வளர்ப்புப் பறவைகள் எனப் பலவும் அங்கே விற்கப்பட்டன. எனினும், அதற்குப் பெரும்புகழ் தேடித் தந்தவை பழைய புத்தகக் கடைகளே. புதிய நூலை முழுவிலை கொடுத்து வாங்க இயலாத மாணவர் அங்கே பேரம் பேசிப் பாடநூல் வாங்கினர். மறுபதிப்புக் காணாத அரிய நூல்களைத் தேடி ஆய்வாளர் வந்தனர். ஒருவர் படித்து முடித்த நூல் மற்றொருவருக்குக் கல்வியாயிற்று.

1985 மே 30ஆம் நாள் ஏற்பட்ட தீ, அக்கட்டடத்தை அழித்தது. வணிகர்கள் பலர் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்திற்கு இடம்பெயர்ந்தனர். அங்காடி நின்ற இடத்தில் புறநகர்த் தொடர்வண்டி முனையம் எழுந்தது. அம்முனையம் இன்றும் 'மூர் மார்க்கெட் வளாகம்' என்றே அழைக்கப்படுகிறது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்வோருள் பலர் அப்பெயரின் பின்னுள்ள வரலாற்றை அறியார்.

அண்டையிலுள்ள ரிப்பன் மாளிகையும் விக்டோரியா பொது மண்டபமும் இன்றும் நிலைத்திருக்கின்றன. எளிய மக்கள் புழங்கிய அங்காடியோ பெயரளவில் எஞ்சியுள்ளது. மரபுச் சின்னங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 2012இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் காப்பதற்கு முன், எது காக்கத்தக்கது என்பதை மக்கள் உணர வேண்டும். அரசர் வாழ்ந்த மாளிகை மட்டுமன்று. ஏழை மாணவர் நூல் வாங்கிய கடையும் நாட்டின் மரபுச் செல்வமே. நம் ஊரின் பழைய சந்தை, சத்திரம், கடைத்தெரு ஆகியவற்றின் வரலாற்றை, அவை நிலைத்திருக்கும்போதே கேட்டறிந்து எழுதி வைப்பது நம் கடமையாகும்.