உளுந்துக்குக் காவல் நிற்கும் பூஞ்சை!

குட்டீஸ், காலையில் சுடச்சுட இட்லி வைத்தால் எத்தனை உள்ளே போகும்? நான்கு? ஆறு? அந்த இட்லியைப் பூப்போல மென்மையாக்குவது உளுந்து. அது வயலில் எத்தனை எதிரிகளிடமிருந்து தப்பி உங்கள் தட்டுக்கு வந்திருக்கிறது தெரியுமா? அதைத் தெரிந்துகொள்ள விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள செஞ்சிக்குப் போவோம், வாருங்கள்!

செஞ்சி என்றதும் ராஜா தேசிங்கும், மலைமேல் நிற்கும் கோட்டையும் நினைவுக்கு வரும். 2025-ம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இந்தக் கோட்டையும் இடம்பெற்றது. 1690-ல் மொகலாயப் படை இதை முற்றுகையிட்டது. கோட்டையைப் பிடிக்க அவர்களுக்கு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆயின! கோட்டைக்குள் போனால் பெரிய தானியக் களஞ்சியத்தைப் பார்க்கலாம். மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும், உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே!

கோட்டையை விட்டு வெளியே வந்தால் சுற்றுவட்டாரத்தில் நெல், மணிலா, கரும்பு, உளுந்து என்று வயல்கள். விழுப்புரம் மாவட்டம் உளுந்து விளைச்சலுக்குப் பேர் போனது. விதைத்து 65 முதல் 75 நாட்களில் அறுவடை முடிந்துவிடும். ஆனால், அந்த இரண்டரை மாதமும் உளுந்துச் செடி முற்றுகைக்குள் இருக்கும் கோட்டை மாதிரிதான். எதிரியின் பெயர் பூஞ்சை!

மூன்று எதிரிகள்

பழைய ரொட்டியில் பச்சையாகவும் கறுப்பாகவும் பூசணம் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பூஞ்சைதான். பூஞ்சைக்குப் பச்சையம் கிடையாது. அதனால் சொந்தமாக உணவு தயாரிக்கத் தெரியாது. மட்கிப்போனவற்றைத் தின்னும், சில வகைகள் உயிருள்ள செடியையே தாக்கும். பூஞ்சையின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. காற்றிலும் மழைத்துளியிலும் விதையிலும் பயணம் செய்யும்.

உளுந்தைத் தாக்குவதில் முக்கியமானவர்கள் மூன்று பேர்.

முதலாவது, சாம்பல் நோய். இலைமேல் திருநீறு தூவியதுபோல இருக்கும். இரவில் குளிரும் பனியும், பகலில் வெயிலும் இருந்தால் இதற்குக் கொண்டாட்டம். இந்தப் பூஞ்சை இலையின் மேலேயே படர்ந்துகொண்டு, உறிஞ்சு குழலை மட்டும் உள்ளே இறக்கிச் சாற்றைக் குடிக்கும். வெயில் படாத இலையால் உணவு தயாரிக்க முடியாது. காய்கள் குறையும், மணிகள் சிறுத்துப் போகும்.

இரண்டாவது, இலைப்புள்ளி நோய். ஈரம் காயாமல் நிற்கும் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். நோய் முற்றினால் இலைகள் உதிர்ந்துவிடும்.

மூன்றாவது, வேர் அழுகல் நோய். மூவரில் பொல்லாதது இதுதான். நேற்றுவரை பச்சையாக நின்ற செடி திடீரென்று வாடிச் சாயும். பிடுங்கிப் பார்த்தால் வேரின் பட்டை நார் நாராக உரிந்து வரும். கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் அதில் ஒட்டியிருக்கும். அவைதான் அந்தப் பூஞ்சையின் பதுங்கு குழிகள்! செடி செத்த பிறகும் அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். அடுத்து மணிலா போட்டாலும், எள் போட்டாலும் அதற்கு விருந்துதான். ஆனால், தண்ணீர் தேங்கி நிற்கும் மண்ணில் அவற்றால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியாது. நெல் அறுத்த வயலில் உளுந்து விதைப்பதில் இப்படியும் ஒரு நன்மை!

காபி போனது, தேயிலை வந்தது

'இத்தனூண்டு பூஞ்சை பெரிதாக என்ன செய்துவிடும்?' என்று கேட்கிறீர்களா? 1869-ல் இலங்கையின் காபித் தோட்டங்களில் ஒரு துரு நோய் தோன்றியது. அதுவும் பூஞ்சைதான். அன்று இலங்கை, காபிக்குப் பெயர் பெற்ற நாடு. அடுத்த இருபது ஆண்டுகளில் காபித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. அந்த இடங்களில் தேயிலை நடப்பட்டது. தமிழகத்திலிருந்து போய் அங்கே உழைத்த ஏராளமான குடும்பங்களின் வாழ்க்கையும் அதனால் மாறிப்போனது.

உளுந்து வயலிலும் அப்படித்தான். செடி வாடினால் உழவர் விதைக்கும் உழவுக்கும் களையெடுப்புக்கும் செலவழித்த பணம் போய்விடும். வீட்டில் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கென்று நினைத்திருந்த காசும் அதில் இருக்கலாம்.

முள்ளை முள்ளால் எடு!

இனிதான் சுவாரஸ்யமே! பூஞ்சையை விரட்டவும் ஒரு பூஞ்சை இருக்கிறது. அதன் பெயர் டிரைக்கோடெர்மா. பச்சை நிற வித்துகளைக் கொண்ட இது, மண்ணில் இயற்கையாகவே வாழ்கிறது. மற்ற பூஞ்சைகளை இது தாக்கும் என்பதை 1932-ல் ரிச்சர்ட் வெய்ன்ட்லிங் என்ற விஞ்ஞானி எழுதினார்.

எப்படித் தாக்கும்? எதிரிப் பூஞ்சையின் நூல் போன்ற உடலைக் கொடிபோலச் சுற்றிக்கொள்ளும். பிறகு சில நொதிகளைச் சுரந்து, அதன் சுவரைக் கரைத்துவிடும். அதோடு, வேரைச் சுற்றியுள்ள இடத்தை முந்திக்கொண்டு பிடித்துவிடும். எதிரிக்கு இடமும் கிடையாது, சாப்பாடும் கிடையாது!

இதைத் தூளாகத் தயாரித்து விற்கிறார்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைக்க வேண்டும் என்பது வேளாண் விஞ்ஞானிகள் சொல்லும் கணக்கு. ஒரு ஏக்கருக்கு சுமார் 8 கிலோ உளுந்து விதை தேவை. அப்படியென்றால் எவ்வளவு தூள் வேண்டும்? பெருக்கிப் பாருங்கள். வெறும் 32 கிராம்! நம் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இதோடு ரசாயனப் பூஞ்சைக்கொல்லியைக் கலந்தால், அது நம் காவல்காரனையும் சேர்த்துக் கொன்றுவிடும்!

வருமுன் காப்போம்

எதிரி உள்ளே புகுந்த பிறகு மதிலைக் கட்டி என்ன பயன்? அதனால் உழவர்கள் முன்கூட்டியே செய்ய வேண்டியவை சில உண்டு.

* நோய் தாக்கிய வயலில் விளைந்ததை விதைக்கு எடுக்கக் கூடாது.
* வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி விட வேண்டும். காற்றோட்டம் இருந்தால் இலை ஈரம் சீக்கிரம் காயும்.
* வாடிய செடிகளை வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டும்.
* சாம்பல் நோய் தலைகாட்டியதும் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டினால் 100 லிட்டர் தெளிப்பு நீர் தயாரிக்கலாம்.

இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறினால் அது பூஞ்சை அல்ல. மஞ்சள் தேமல் நோய் என்ற வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. அதற்குப் பூஞ்சைக்கொல்லி அடித்தால் காசுதான் வீண்! அதைத் தாங்கி வளரும் உளுந்து ரகங்களைப் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் உருவாக்கித் தந்திருக்கிறது. வம்பன் 8 அவற்றில் ஒன்று.

தெரியுமா?

மைசூர் பருப்பு குளிர்ச்சி விரும்பும் பயிர். வட இந்தியாவிலும் கனடாவிலும் அதிகம் விளைகிறது. அங்கேயும் பூஞ்சைதான் பெரிய தலைவலி. 'லென்ஸ்' என்ற சொல்லே இந்தப் பருப்பின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான். இரண்டின் வடிவமும் ஒன்றுபோல இருக்கிறதல்லவா!

நீங்களும் செய்யலாம்!

உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ உளுந்து வயல் இருந்தால், பெரியவர்களோடு ஒரு நடை போய் வாருங்கள். அங்கங்கே 20 செடிகளைப் பாருங்கள். அதில் எத்தனைக்கு நோய் என்று நோட்டில் குறியுங்கள். மூன்று செடிக்கு என்றால் 15 சதவீதம். மருந்து தெளித்த வயலுக்குள் மட்டும் போகாதீர்கள்.

அந்தக் கணக்கை அப்பாவிடமோ தாத்தாவிடமோ காட்டுங்கள். 'அடுத்த தடவை விதையோடு இதைக் கலக்கலாமா?' என்று அந்த 32 கிராம் விஷயத்தையும் சொல்லுங்கள். கோட்டைக்குக் காவல் நின்றவர்களைப்போல, உங்கள் வீட்டு வயலுக்கு நீங்களும் ஒரு காவலர்தானே!