இயந்திரம் அறியாமல் ஒரு நகல்

நடுத்தரக் கல்லூரி ஒன்றின் சர்வர் அறையில் இன்று இரண்டு மூன்று பெட்டிகள்தான் இருக்கும். ஆனால் சேர்க்கைக்கு ஒரு சர்வர், கட்டணத்துக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று என முப்பது கணினிகள் அவற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் விர்ச்சுவல் மெஷின்கள், மெய்நிகர் கணினிகள். பெட்டியின் சிபியு, நினைவகம், டிஸ்க் எல்லாவற்றையும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் பங்குபோட்டுக் கொடுக்கிறது. உள்ளே ஓடும் விண்டோஸோ லினக்ஸோ தனக்கே தனியாக ஒரு கணினி இருப்பதாக நம்புகிறது. 1972-இல் ஐபிஎம் தன் பெருங்கணினிகளுக்கு இந்த வசதியைத் தந்தது. சாதாரண இன்டெல் சர்வர்களுக்கான விஎம்வேர் நிறுவனத்தின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ் 2001-இல் வந்தது.

இந்தப் பங்கீட்டின் சிக்கல் இரவில்தான் வெளிப்பட்டது. பழைய வழக்கப்படி ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள் இருக்கும். நள்ளிரவில் அது விழித்துக்கொண்டு கோப்புகளைப் படித்து பேக்கப் சர்வருக்கு அனுப்பும். தனிக் கணினிகள் இரவில் சும்மாதான் இருந்தன என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை. முப்பது கணினிகள் ஒரே பெட்டிக்குள் குடியேறியதும், முப்பது ஏஜென்ட்களும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே டிஸ்க்கையும் ஒரே நெட்வொர்க்கையும் மொய்த்தன. பெட்டி திணறியது.

ஏஜென்ட் இல்லாத பேக்கப் அதற்கு வந்த விடை. ஹைப்பர்வைசரின் பார்வையில் ஒரு விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் முழுவதும் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். அதை வெளியிலிருந்தே நகலெடுத்துவிடலாமே? 2009-இல் வந்த விஎம்வேரின் விஸ்பியர் 4, பேக்கப் மென்பொருள்கள் இப்படி நகலெடுப்பதற்கான முறையான வழியைத் திறந்துவிட்டது.

ஓடுகிற கணினியின் டிஸ்க் ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்காது. அதனால் முதலில் ஸ்னாப்ஷாட் எடுக்கிறார்கள். அந்தக் கணத்திலிருந்து மூல டிஸ்க் கோப்பில் யாரும் எழுத முடியாது. புதிதாக எழுதப்படுவதெல்லாம் பக்கத்தில் இன்னொரு கோப்பில் சேரும். மூலத்தை நிதானமாக நகலெடுத்து முடித்ததும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். ஒன்றாக்கும் வேலை எங்காவது தடைபட்டு ஸ்னாப்ஷாட் அப்படியே தங்கிவிட்டால், அந்தப் பக்கத்துக் கோப்பு நாள்தோறும் வீங்கும். சேமிப்பிடம் நிரம்பியதும் மெஷின்கள் அப்படியே நின்றுபோகும். எந்த ஸ்னாப்ஷாட்டையும் 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது விஎம்வேரின் அறிவுரை. ஸ்னாப்ஷாட்டையே பேக்கப் என்று நினைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூல டிஸ்க் போனால் அதுவும் கூடவே போகும்.

இனி வருவதுதான் இதில் முக்கியமான சிக்கல். மளிகைக் கடைக் கணக்கர் பேரேட்டில் பற்று எழுதிவிட்டு, வரவு எழுதப் பேனாவைத் தூக்கும் கணத்தில் அந்தப் பக்கத்தை நகலெடுத்தால் என்ன கிடைக்கும்? எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கும், கணக்கு மட்டும் பொருந்தாது. டேட்டாபேஸும் அப்படியே. எழுத வேண்டியதில் ஒரு பகுதி எப்போதும் நினைவகத்திலேயே காத்திருக்கும். ஏதும் சொல்லாமல் வெளியிலிருந்து எடுத்த நகல், திடீரென மின்சாரம் போன கணினியின் டிஸ்க்குக்குச் சமம். பெரும்பாலும் எழுந்துவிடும். எப்போதும் எழும் என்று உறுதியில்லை.

ஆகவே ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரு கணம் முன்பு உள்ளே இருப்பவர்களுக்குத் தகவல் போக வேண்டும். விண்டோஸில் இதற்கென்றே வால்யூம் ஷேடோ காப்பி சர்வீஸ் இருக்கிறது. அது டேட்டாபேஸிடம், கையிலிருப்பதை எழுதி முடித்துச் சற்றுப் பொறு என்கிறது. மென்பொருள்கள் அதிகபட்சம் 60 விநாடிகள் உறைந்திருக்கலாம். டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்திவைக்க 10 விநாடிகளே அவகாசம். லினக்ஸில் உறைவதற்கு முன்னும் பின்னும் ஓட வேண்டிய சிறு ஸ்கிரிப்ட்களை நாமே எழுதி வைக்க வேண்டும். இந்தத் தகவலை உள்ளே கொண்டு சேர்ப்பது விஎம்வேர் டூல்ஸ். கேவிஎம் என்ற ஹைப்பர்வைசரில் அந்த வேலை கியூஎம்யு கெஸ்ட் ஏஜென்டுடையது. ஏஜென்ட் வேண்டாம் என்று சொல்லி விற்கப்படும் பொருளுக்கும் உள்ளே ஒரு கூட்டாளி தேவைப்படத்தான் செய்கிறது.

வேலை மிகுந்த டேட்டாபேஸ் சர்வரில் அந்த 10 விநாடிகள் போதாமல் போவதுண்டு. பேக்கப் தோற்கும், திரையில் சிவப்பு விழும். காலையில் மேலாளர் கேட்பார். பல மென்பொருள்களில், உறையவைக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, மேலே போ என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தேர்ந்துவிட்டால் மறுநாள் சிவப்பு மறைந்துவிடும். எடுத்திருப்பது மின்சாரம் போன கணினியின் நகல் என்பது யார் கண்ணிலும் படாது. இணையதளம் காட்டும் எளிய சர்வருக்கு இது போதும். கட்டணக் கணக்கு இருக்கும் சர்வரில் இப்படிச் செய்வது, என் பார்வையில், பேக்கப் எடுக்காததைவிட மோசம். இல்லை என்று தெரிந்தால் பயமாவது இருக்கும்.

தினமும் முழு டிஸ்க்கையும் நகலெடுக்க நேரம் போதாது. எனவே நேற்றுக்குப் பின் எந்தெந்தப் பகுதிகள் மாறின என்று ஹைப்பர்வைசரே குறித்துவைக்கிறது. விஸ்பியர் 4-இலேயே இது வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி-யில் 2016 பதிப்பில் வந்தது. பேக்கப் மென்பொருள் அந்தக் குறிப்பை அப்படியே நம்பி, மாறியதை மட்டும் எடுக்கும். 2014-இல் இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஒரு டிஸ்க்கை 128 ஜிபி எல்லையைத் தாண்டிப் பெரிதாக்கினால், விஎம்வேரின் குறிப்பு தவறாகிவிடும் என்று தெரியவந்தது. மாறிய பகுதிகள் சில பட்டியலிலேயே இல்லை. பேக்கப் வேலை ஒவ்வோர் இரவும் வெற்றி என்றே முடிந்துகொண்டிருந்தது. திருத்தம் வந்தபின்னும், குறிப்பை அழித்துவிட்டு முழு நகலை முதலிலிருந்து எடுத்தவர்களுக்கே நிம்மதி.

சில டிஸ்க்குகள் இந்த ஏற்பாட்டுக்குள் வருவதே இல்லை. இண்டிபெண்டென்ட் என்று குறிக்கப்பட்ட டிஸ்க்கும், ஸ்டோரேஜோடு நேரடியாக இணைத்த சில டிஸ்க்குகளும் ஸ்னாப்ஷாட்டுக்கு அகப்படாது. அவற்றுக்கு இன்றும் பழைய ஏஜென்ட்தான் வழி.

இன்னொன்று சாவி. முப்பது மெஷின்களையும் வெளியிலிருந்து படிக்க ஒரே கணக்கு போதும் என்பது இந்த முறையின் வசதி. திருடனுக்கும் அதுவே வசதி. 2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற பிணைத்தொகை வைரஸ் உலகெங்கும் ஹைப்பர்வைசர்களைத் தாக்கியபோது, மெஷின்களுக்குள் நுழையாமலே வெளியிலிருந்து அவற்றின் கோப்புகளைப் பூட்டியது. பேக்கப் கணக்குக்கு நகலெடுக்கத் தேவையான உரிமைகளை மட்டும் கொடுங்கள், நிர்வாகி கணக்கைக் கொடுக்காதீர்கள். நகல்களில் ஒன்றாவது, குறித்த காலம் வரை யாராலும் அழிக்க முடியாத சேமிப்பில் இருக்கட்டும்.

பேக்கப் பொறுப்பு உங்களிடம் இருந்தால், இந்த வாரம் இரண்டு வேலைகள் செய்யுங்கள். தோல்வியைப் பொருட்படுத்தாதே என்ற அந்தக் கட்டத்தை யாராவது தேர்ந்துவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு மிக முக்கியமான டேட்டாபேஸ் சர்வரின் நேற்றைய நகலை, நெட்வொர்க் தொடர்பில்லாத ஓரிடத்தில் எழுப்பி, கடைசியாகப் பதிவான ரசீது அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.