அந்நியச் சருமமும் தேகத்தின் காவலும்

இப்பேழையிலுள்ள மெல்லிய படலம், மாட்டின் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜன் என்னும் புரதத்தைச் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து பெற்ற காண்ட்ராய்டின் சல்பேட்டுடன் இணைத்து, மேலே சிலிக்கோன் தகடு போர்த்தி, பாஸ்டன் நகரத்து ரணசிகிச்சை நிபுணர் ஜான் பர்க்கும் பேராசிரியர் யான்னாஸும் தீக்காயமுற்றோர்க்கென உருவாக்கி, 1981-இல் அதன் பலனை வெளியிட்ட செயற்கைச் சருமத்தின் வகையைச் சார்ந்தது.

பன்றித் தோலைப் புண்ணின்மீது போர்த்தும் வழக்கம் அதற்கு முன்பே உண்டெனினும், அது நிரந்தரமாய்ப் பற்றியதில்லை. பன்றியின் உயிரணுக்கள்மீதுள்ள ஆல்பா-கேல் என்னும் சர்க்கரைக் கூறு மனித தேகத்தில் இல்லாமையாலும், அதனையொத்த சர்க்கரையை நம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் தாங்கியிருத்தலாலும், அதற்கு விரோதமான எதிர்ப்பொருள்கள், பன்றியைத் தீண்டியே இராதவர் இரத்தத்திலுங்கூட, முன்கூட்டியே ஆயத்தமாக நிற்கின்றன. ஆகவே அத்தோல் தற்காலிகப் போர்வையே. நோவையும் நீரிழப்பையும் குறைப்பதால் அதுவும் அற்ப உதவியன்று.

உயிரணுக்கள் நீக்கப்பட்ட கொலாஜனோ, பாலூட்டிகளுக்கிடையே அதிகம் பேதப்படாத புரதமாதலின், தேகத்தின் பகையை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. மாட்டுக் கொலாஜன் ஒவ்வாதாரும் சிலர் உண்டு என்பது வேறு விஷயம். ஆனால் எதிர்ப்பு அறவே இல்லாதிருப்பதும் விரும்பத்தக்கதன்று. புண்ணுக்கு விரைந்துவரும் பெருவிழுங்கிகள் என்னும் காவல் அணுக்கள் குப்பையை விழுங்குவதோடு, புதிய இரத்தக் குழாய்களையும் நாரணுக்களையும் அழைக்கும் சமிக்ஞைகளையும் விடுக்கின்றன. அக்குழாய்களும் நாரணுக்களும் படலத்தின் துளைகளுட் புகுந்து புதிய உட்தோலை நெய்ய, அந்நியக் கொலாஜன் சிறிது சிறிதாகக் கரைகிறது. ஏறத்தாழ மூன்று வாரங்களில் சிலிக்கோன் தகட்டை உரித்து, நோயாளியின் சொந்த மேற்தோலை மெல்லிதாகச் சீவி அவ்விடத்தில் ஒட்டுவர்.