பாடகர்கள் போன பிறகும் பாடுகிறவர்கள்

“கோயிலில் ஒன்றரை மணித்தியாலம் இருக்கச் சொன்னால் நெளிகிறாய். அங்கே ரோட்டில் பத்து மணித்தியாலம் எப்படி நிற்கிறாய்?”

இந்தக் கேள்வியைக் கேட்காத தாய்மார் நம்முடைய சபையில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். தம்பி தங்கைமாரே, உங்களிடம் அது ஒரு கொரியப் பாடகர் குழுவின் பேரில் கேட்கப்பட்டிருக்கலாம். என்னிடம் கேட்கப்பட்டது யூ2 என்ற அயர்லாந்துக் குழுவின் பேரில். 2001இல் முதல் தடவையாக ரொறன்ரோவில் அவர்களைக் கேட்டேன். அதன்பிறகு அவர்கள் இந்த நகரத்துக்கு வரும்போதெல்லாம் ரிக்கெற் வாங்கப் பார்ப்பேன். இப்போது என் பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்கும் வயது எனக்கு வந்துவிட்டது. கேள்வி நல்ல கேள்விதான். அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லிப் பார்ப்போம். ஒரே குழுவின் ஒரே பாட்டுகளை வருடக்கணக்காகத் தேடிப் போகும் ரசிகர் உண்மையில் எதைத் தேடிப் போகிறார்?

பள்ளிக்கூடத்தில் தொடங்கிய குழு

1976இல் டப்ளின் நகரத்தின் மவுண்ட் டெம்பிள் பாடசாலையில், லாரி முல்லன் என்ற 14 வயதுப் பையன் அறிவித்தல் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினான். இசைக்குழு தொடங்க ஆட்கள் தேவை என்பதுதான் செய்தி. பையன்கள் அவனுடைய வீட்டுக் குசினியில் கூடினார்கள். அவர்களில் கடைசிவரை நிலைத்தவர்கள் லாரியோடு சேர்த்து நான்கு பேர். பாடுகிறவர் போனோ, கிற்றார் வாசிக்கிறவர் எட்ஜ், பேஸ் கிற்றார் அடம் கிளேட்டன், டிரம் லாரி. போனோவின் தகப்பன் கத்தோலிக்கர், தாய் புரட்டஸ்தாந்துக்காரர். அந்தக் காலத்து அயர்லாந்தில் அது லேசான காரியம் அல்ல. அவருக்கு 14 வயதாக இருக்கும்போதே தாய் இறந்துபோனார்.

போனோ, எட்ஜ், லாரி மூவரும் இளவயதில் ஷாலோம் என்ற கிறிஸ்தவ ஐக்கியத்தில் வேதம் வாசித்து ஜெபித்து வந்தவர்கள். 1981 அளவில் அவர்களுக்குள் பெரிய போராட்டம் வந்தது. விசுவாசமும் ரொக் இசையும் சேர்ந்து போகுமா? எட்ஜ் குழுவை விட்டுவிடவே நினைத்தார், போனோவும் அதே பக்கம் சாய்ந்தார். ஒப்புக்கொண்ட சுற்றுப்பயணம் ஒன்று முன்னால் இருந்தது. கொடுத்த வாக்கை மீறும்படி கடவுள் சொல்வாரா என்று மேலாளர் போல் மக்கின்னஸ் கேட்டதாக அவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். குழு கலையவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? “இதெல்லாம் நமக்குத் தகுமா?” என்று நம்முடைய வீடுகளில் சாப்பாட்டு மேசையில் நடக்கும் வாக்குவாதம், அந்தக் குழுவுக்குள்ளேயே, இன்னும் கடுமையாக, நடந்திருக்கிறது. கேட்கக்கூடாத கேள்வி அல்ல அது.

வரிசையில் கிடைப்பது

2001ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் மேடையிலிருந்து இதய வடிவில் ஒரு நடைபாதை அரங்கத்துக்குள் நீண்டது. அரங்கத்தின் தரைப்பகுதியில் கதிரைகள் இல்லை. முதலில் வந்த சில நூறு பேருக்கு அந்த இதயத்துக்கு உள்ளே நிற்க இடம். ஆகவே விடியமுன்னரே வரிசை தொடங்கிவிடும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் கூட்டம். உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது. பழைய ரசிகர்கள் வந்தவர்களின் பட்டியலைத் தாங்களே எழுதி, ஒவ்வொருவரின் கையிலும் மார்க்கர் பேனையால் இலக்கம் போடுவார்கள். சாப்பிடவோ கழிப்பறைக்கோ போகிறவரின் இடத்தைப் பக்கத்தில் நிற்பவர் காத்துக்கொள்வார். நடுவில் நுழையப் பார்க்கிறவரை எவரும் விடமாட்டார்கள். வெயில் கூடினால் ஒரு போத்தல் தண்ணீர் பத்துக் கை மாறும். நாலு மணித்தியாலம் பக்கத்தில் நின்ற மனுசியின் வேலை, பிள்ளைகள், முழங்கால் வருத்தம் எல்லாம் தெரிந்துவிடும். எத்தனையாவது நிகழ்ச்சி என்று கேட்பதுதான் அங்கே வணக்கம் சொல்லும் முறை.

2010 மே மாதத்தில் போனோவுக்கு முதுகில் அடிபட்டு, ஜேர்மனியில் அவசரச் சத்திரசிகிச்சை நடந்தது. அந்தக் கோடையில் வட அமெரிக்காவில் நடக்கவிருந்த நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின. ரொறன்ரோ நிகழ்ச்சி நடந்தது 2011 ஜூலையில். எங்களுடைய ரிக்கெற் ஒரு வருடம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்குக் கீழே இருந்தது. காசைத் திரும்ப வாங்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. காத்திருப்பதும் அந்தச் சந்தோசத்தின் ஒரு பங்கு என்பது ரசிகருக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான ஒன்று 2014 செப்டெம்பரில் நடந்தது. அப்பிள் நிறுவனத்தோடு சேர்ந்து யூ2 தங்கள் புதிய இசைத்தொகுப்பை ஏறக்குறைய 50 கோடி ஐரியூன்ஸ் கணக்குகளில் இலவசமாகப் போட்டார்கள். உலகம் நன்றி சொல்லவில்லை. கேட்காமலே என் தொலைபேசிக்குள் ஏன் போட்டாய் என்று சண்டைக்கு வந்தது. அதை அழிப்பதற்கென்றே அப்பிள் ஒரு வழி செய்துகொடுக்க வேண்டியிருந்தது. போனோ மன்னிப்புக் கேட்டார். வெயிலில் நின்று காசு கொடுத்துக் கேட்க ஆயிரக்கணக்கானோர் வரும் அதே குழுவின் பாட்டுத்தான். தேடாதவரின் கையில் திணித்தால் அது தொல்லையாகிவிடுகிறது. ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களும் பெற்றோரும் யோசிக்கவேண்டிய விசயம் இது.

சரயேவோ, 1997

என்னைப் போன்ற பழைய ரசிகர்கள் நேரில் பார்க்காமல் போனோமே என்று ஏங்கும் ஓர் இரவு உண்டு. பொஸ்னியாவின் தலைநகரமான சரயேவோ 1992 முதல் ஏறக்குறைய நான்கு வருடங்கள் முற்றுகைக்குள் கிடந்தது. 1993இல் யூ2 தங்கள் ஐரோப்பிய நிகழ்ச்சிகளின் நடுவே செய்மதி மூலம் அங்கே சிக்கியிருந்த மக்களோடு மேடையிலிருந்தே பேசினார்கள். ஓர் இரவு திரையில் தோன்றிய சரயேவோப் பெண்கள், நீங்கள் இப்போது பாட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள், எங்களை மறந்துவிடுவீர்கள் என்று நேரடியாகவே சொன்னார்கள். கொண்டாட வந்திருந்த கூட்டம் உறைந்துபோனது.

கொழும்பிலும் இலண்டனிலும் வாழ்க்கை வழமைபோல நடந்துகொண்டிருக்க, பதுங்குகுழிக்குள் இருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அந்தப் பெண்கள் சொன்னதன் அர்த்தம் நமக்கு விளங்கும்.

சண்டை ஓய்ந்ததும் குழு போனது. 1997 செப்டெம்பர் 23ஆம் திகதி கொசெவோ மைதானத்தில் ஏறக்குறைய 45,000 பேர் கூடினார்கள். பக்கத்திலேயே யுத்தத்தில் இறந்தவர்களின் புதைகுழிகள். நிகழ்ச்சிக்கு வருகிறவர்களுக்காக, யுத்தம் தொடங்கியபிறகு முதல் தடவையாகப் புகைவண்டிகள் ஓடின. 2014 ஒக்டோபரில் 24 வருடங்களுக்குப் பிறகு யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தபோது நிலையத்தில் நின்று அழுதவர்களைக் கேளுங்கள். ஒரு புகைவண்டி திரும்ப ஓடுவது என்றால் என்னவென்று அவர்கள் சொல்வார்கள். சண்டைபோட்ட பல பக்கத்து மக்களும் அன்று ஒரே மைதானத்தில் நின்றார்கள்.

அன்றைக்கென்று போனோவின் குரல் கட்டிப்போனது. பாட்டுகளை அவரால் முழுதாகப் பாட முடியவில்லை. பாடியது மைதானம். அவர் விட்ட இடத்தைச் சனம் எடுத்துக்கொண்டது. இசைத்தரத்தை வைத்துப் பார்த்தால் அது அவர்களுடைய சிறந்த இரவு அல்ல. ஆனால் தாங்கள் செய்ததில் மிகப் பெரியவற்றில் ஒன்று என்று குழுவினரே அதைச் சொல்வார்கள்.

2015 நவம்பர் 13ஆம் திகதி பாரிஸ் நகரத்துப் பட்டக்லான் அரங்கில் இசை கேட்க வந்த 90 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரவு அதே நகரத்தில் யூ2 பாடுவதாக இருந்தது. நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது, நால்வரும் பட்டக்லான் அருகே போய்ப் பூ வைத்தார்கள். டிசெம்பர் 6ஆம் 7ஆம் திகதிகளில் திரும்ப வந்து பாடினார்கள், அரங்கு நிறைந்திருந்தது. அந்த ரிக்கெற்றுகளைக் கையில் வைத்திருந்தவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். சேர்ந்து பாட வருவதற்குச் சில வேளைகளில் துணிவு வேண்டும். கதவுகளைப் பூட்டிக்கொண்டு ஆராதனை நடத்திய ஊர்களிலிருந்து வந்த பெரியவர்கள் நம்முடைய சபையிலும் இருக்கிறார்கள்.

கடைசிப் பாட்டு

இப்போது அம்மாமாரின் கேள்விக்கு வருகிறேன். 1983இல் வெளிவந்த இவர்களுடைய மூன்றாவது தொகுப்பின் கடைசிப் பாட்டுக்கு “40” என்று பெயர். பதிவுக்கூடத்தில் நேரம் முடியும் தறுவாயில், அடம் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்ட நிலையில், அவசரமாகச் செய்த பாட்டு. சொற்களுக்காகப் போனோ வேதாகமத்தைத் திறந்து 40ஆம் சங்கீதத்தை எடுத்தார். பொறுமையாய்க் காத்திருந்தவனைக் கர்த்தர் சேற்றிலிருந்து தூக்கிக் கன்மலையில் நிறுத்திப் புதுப்பாட்டைக் கொடுத்த அந்தச் சங்கீதம்தான். அதோடு, இன்னும் எத்தனை காலம் என்று சங்கீதக்காரர் பல இடங்களில் கேட்கும் கேள்வியையும் சேர்த்துக்கொண்டார்.

எண்பதுகளில் பெரும்பாலான நிகழ்ச்சிகளை இந்தப் பாட்டோடுதான் முடித்தார்கள், 2005இலும் பல இரவுகளில் அப்படியே. முடிக்கும் விதம்தான் விசேசம். முதலில் போனோ சனத்தைப் பாடவிட்டு மேடையை விட்டுப் போய்விடுவார். பிறகு கிற்றார்கள் ஒவ்வொன்றாக நிற்கும். கடைசியில் லாரியின் டிரம் மட்டும் இருக்கும், அதுவும் நின்றுவிடும். விளக்கு வந்துவிடும். மேடையில் ஒருவரும் இல்லை. சனம் பாடிக்கொண்டே இருக்கும். படிகளில் இறங்கும்போதும் பாட்டு, வாகனத் தரிப்பிடத்திலும் பாட்டு. கோயில் வாசலையே மிதிக்காத பலர், தாங்கள் பாடுவது ஒரு சங்கீதம் என்று தெரியாமலே அதைப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

தேடிப் போகும் ரசிகர் தேடுவது இந்த நிமிடத்தைத்தான். பாடகரின் முகத்தை வீட்டுத் திரையில் இதைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். பாட்டு தன் கைக்கு வந்து, பக்கத்தில் நிற்கிற அந்நியரின் வாயிலும் அதே பாட்டு இருக்கிறதே, அதற்காகத்தான் அவர் பத்து மணித்தியாலம் நிற்கிறார். நம்முடைய அப்பாச்சிமார் ஒரே கீர்த்தனையை அறுபது வருடம் அலுக்காமல் பாடியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். பாட்டுப் புத்தகம் இல்லாமலே பாடுவார்கள். பாடகர் குழு பிழைவிட்டாலும் அவர்கள் நிறுத்தமாட்டார்கள்.

அப்படியானால் கோயிலில் ஏன் நெளிகிறோம்? வரிசையில் நிற்பவர் ஏதோ நடக்கப் போகிறது என்று எதிர்பார்த்து வருகிறார், பாடவேண்டியது தானும்தான் என்று அறிந்து வருகிறார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பல வேளைகளில் பார்க்க மட்டுமே வருகிறோம். வாலிபர் பாடல் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். ஒலிவாங்கியின் சத்தத்தைக் கூட்டுவதல்ல உங்கள் வேலை. நீங்கள் நிறுத்தினாலும் சபை நிறுத்தாமல் பாடினால், உங்கள் வேலை நன்றாக நடந்திருக்கிறது.

ரிக்கெற் வாங்குமுன்

இசை நிகழ்ச்சியால் தரமுடியாததும் உண்டு. மேடைக்கு உங்கள் பெயர் தெரியாது. உங்கள் வீட்டில் ஒரு மரணம் நடந்தால் யூ2 வராது, சாப்பாட்டுச் சட்டியோடு வருவது சபை ஆட்கள்தான். ரசிகர்களின் அன்பை வைத்து வியாபாரம் செய்கிறவர்களும் குறைவில்லை. 2005இல் நீண்டகால ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய ரிக்கெற்றுகள் இடைத்தரகர்களின் கைக்குப் போய்விட்டதற்காக, கிராமி விருது மேடையிலேயே லாரி முல்லன் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

ஆகவே தம்பி தங்கைமாரே, மூன்று விசயங்களை மட்டும் உங்களிடமே கேட்டுப் பாருங்கள். இந்தக் காசு யாருடைய உழைப்பு? இதற்காகக் கடன் அட்டையில் விழுகிறேனா? அங்கே என்னோடு நிற்பவர்கள் எப்படிப்பட்டவர்கள்? நான் தடுக்கி விழுந்தால் என் இடத்தைக் காத்து வைப்பார்களா? வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் மிஞ்சுவது ஒரு பாட்டா, வெறும் படங்களா?

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். பிள்ளை நடுச்சாமத்தில் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தால், எவ்வளவு செலவாயிற்று என்பதை அடுத்தநாள் கேளுங்கள். அன்று இரவு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, எந்தப் பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து பாடினார்கள் என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும். இருந்து கேளுங்கள்.