ஒரு வீடு, மூன்று தொண்டைகள்

சென்ற வருடம் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு நான் ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்களில் என் தொண்டை என்னோடு பகைத்துக்கொண்டது. காய்ச்சல் இல்லை, பெரிய நோவும் இல்லை. தொண்டையின் பின்புறத்தில் யாரோ இறகால் தடவுவது போல ஓர் அரிப்பு மட்டும்தான். இரண்டு வசனம் பேசுவதற்குள் மூன்று தடவை கனைக்க வேண்டியிருந்தது. தடிமனாக இருக்கும், ஒரு வாரத்தில் போய்விடும் என்று நினைத்தோம். ஆறு வாரமாகியும் போகவில்லை.

உம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார். அடுத்த வீட்டு மாமி பஸ்பங்குவ வாங்கித் தந்தார். குடிக்கும்போது இதமாக இருக்கும். கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் கரகரப்புத் திரும்பி வந்துவிடும். கடைசியில், தம்பிக்கு எப்போதோ கொடுத்து மீதியாக இருந்த அமொக்சிசிலின் மருந்தை மூன்று நாட்கள் விழுங்கினேன். அது நான் செய்த பெரிய பிழை. ஏன் பிழை என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் உம்மா என்னை வைத்தியரிடம் கூட்டிச் சென்றார். அவர் என் வாயைத் திறந்து பார்க்கும் முன்னரே மூன்று கேள்விகள் கேட்டார். "எத்தனை நாளாக இருக்குது மகள்? எந்த நேரத்தில் கூடுது? வேறு என்ன அதோடு சேர்ந்து வருது?"

இந்த மூன்று கேள்விகளுக்குள் எங்கள் வீட்டின் மூன்று நோய்கள் அகப்பட்டன.

தொண்டை ஒரு சந்தி

தொண்டை என்பது மூக்குக்குழியும் வாய்க்குழியும் வந்து சேருகின்ற, களமும் வாதனாளியும் பிரிந்து செல்கின்ற இடம். ஊர்ச் சந்தியைப் போன்றது. சந்தியில் புழுதி பறந்தால், அது எந்த வீதியிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சந்தியை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தால் புழுதி அடங்காது.

சாதாரணத் தொண்டை நோவுக்குப் பெரும்பாலும் காரணம் வைரசுக்கள்தான். அது ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானாகவே குணமாகும். வாரக் கணக்கில் நீடிக்கும் கரகரப்புக்குக் காரணம் அநேகமாக வேறொரு வீதியில் இருக்கும்.

என் தொண்டை: மேலிருந்து வந்தது

எனக்கு அரிப்பு இரவிலும் விடியற்காலையிலும்தான் கூடுதல். எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மல். இவற்றைத் தும்மலோடு சேர்த்துச் சொன்ன பிறகுதான் வைத்தியர் என் மூக்கைப் பார்த்தார். உள்ளே வீங்கியிருந்தது. நோய் ஒவ்வாமை.

மூக்கும் அதைச் சுற்றியுள்ள அறைகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் சீதத்தைச் சுரக்கின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். ஒவ்வாமையால் அது கூடும்போதும் தடிக்கும்போதும் தொண்டையின் பின்சுவரில் வழிந்து நின்று அரிக்கிறது. அப்போது கச்சான் காற்றுக் காலம், வீடெல்லாம் புழுதி. போதாததற்கு, பாடமாக்கும்போது என் மேசைக்குக் கீழே நுளம்புத்திரி எரியும். வியாழன் பின்னேரங்களில் சாம்பிராணிப் புகையும் சேரும்.

வைத்தியர் மூக்கினுள் அடிக்கும் மருந்தொன்றைத் தந்தார். அது முழுப் பலனைக் காட்டச் சில நாட்கள் எடுக்கும், முதல் நாளே கைவிடக் கூடாது என்று எச்சரித்தார். நுளம்புத்திரிக்குப் பதிலாக நுளம்பு வலை கட்டினோம். தலையணை உறையை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்தோம்.

இன்னொன்றும் சொன்னார். கனைக்கும்போதெல்லாம் குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன. அதனால் தொண்டை மேலும் புண்பட்டு, மேலும் கனைக்கச் சொல்கிறது. கனைக்க வேண்டும்போல் இருந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் எச்சிலையாவது விழுங்க வேண்டும். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த மருந்து இதுதான்.

உம்மாவின் தொண்டை: கீழிருந்து வந்தது

நாங்கள் எழும்பும் வேளையில் உம்மா சொன்னார்: "எனக்கும் இப்படித்தான் டொக்டர். பரம்பரையோ தெரியாது."

பரம்பரை அல்ல. உம்மாவுக்குத் தும்மல் இல்லை. காலையில் குரல் கம்மியிருக்கும். தொண்டையில் ஏதோ உருண்டை சிக்கியது போலிருக்கும். சில நாட்களில் வாயில் புளிப்பு. நோன்பு காலத்தில் இன்னும் கூடும். "இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று வைத்தியர் கேட்டார். உம்மா என்னைப் பார்த்தார். எல்லோருக்கும் பரிமாறி, அடுப்படியைத் துப்புரவாக்கி, பத்தரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுப்பவர் அவர்.

நிறைந்த இரைப்பையோடு படுத்தால் அமிலம் களத்தின் வழியே மேலேறிக் குரல்வளையைத் தொட்டுவிடுகிறது. நெஞ்செரிவு இல்லாமலும் இது நடக்கலாம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சாப்பிடுவது, பொரித்ததையும் உறைப்பையும் குறைப்பது, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே அரை அடி உயரத்துக்குக் கட்டை வைப்பது என்பன இதற்குப் பரிகாரம். ஸஹர் உணவை அளவாக உண்டு, உடனே சாயாமல் இருப்பதும் அவ்வாறே.

உம்மும்மாவின் தொண்டை: மாத்திரையிலிருந்து வந்தது

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது உம்மும்மா மெதுவாக, "எனக்கும் ரெண்டு மாசமா தொண்டை அரிச்சு வறட்டு இருமல்தான். அந்தப் புதுக் குளிசை வந்த பொறகுதான். ஒருநாள் போட்டா ஒருநாள் போடுறல்ல" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பிரஷர் குளிசை!

கிளினிக் கொப்பியைப் பார்த்தோம். எனலாப்ரில் என்று இருந்தது. "பிரில்" என்று முடியும் பெயருள்ள இவ்வகை மருந்துகள் சிலருக்கு இத்தகைய வறட்டு இருமலைக் கொடுக்கும். உம்மும்மாவின் ஊகம் சரி; செய்த காரியம்தான் ஆபத்து. குருதியமுக்க மருந்தைத் தாமாக நிறுத்தினால் பாரிசவாதம்கூட வரலாம். கிளினிக்கில் சொன்னதும் வேறு மருந்து மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் இருமல் நின்றது.

மீதி மருந்தின் பிழை

அன்டிபயோட்டிக் மருந்து பக்டீரியாவை மட்டுமே கொல்லும். ஒவ்வாமைக்கும் அமிலத்துக்கும் வைரசுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. தேவையில்லாமல் விழுங்கினால், மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களை நாமே வளர்த்தவர்களாவோம்.

ஆனால் அது கட்டாயம் தேவைப்படும் தொண்டை நோவும் உண்டு. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கே அது கூடுதலாக வரும். திடீர்க் காய்ச்சல், விழுங்கும்போது கடும் நோவு, கழுத்தில் நோகும் நெரிகட்டி, தொண்டையில் வெண்படலம். இருமலோ மூக்கொழுகலோ இராது. இது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். சரியாகக் குணப்படுத்தாவிட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரங்களின் பின் மூட்டுக்கள் வீங்கி, இதய வால்வுகளும் பாதிக்கப்படும் வாதக் காய்ச்சல் வரக்கூடும். அதனால்தான் வைத்தியர் பத்து நாளைக்குப் பென்சிலின் தந்தால், மூன்றாம் நாள் சுகமானாலும் பத்து நாளும் குடிக்க வேண்டும். அப்படிக் குடித்திருந்தால் தம்பியின் மருந்து மீதியாகவே இருந்திராது!

பெற்றோர் கவனத்துக்கு

ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிப்பதும், இஞ்சித் தேநீரும், தேனும் தொண்டைக்கு இதம் தரும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் தேன் கொடுக்கக் கூடாது.

மூச்சு விடக் கஷ்டம், எச்சிலையும் விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை ஆகியவை இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும், கழுத்தில் கட்டி தென்பட்டாலும், எச்சிலில் இரத்தம் வந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் காட்டியே ஆக வேண்டும். வெற்றிலை போடுவோரும் புகைப்போரும் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். போகும்போது அந்த மூன்று கேள்விகளுக்குமான பதில்களையும், வீட்டில் குடிக்கும் மருந்துகளின் பெயர்களையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் பேச்சின் நடுவில் ஒரு தடவையேனும் நான் கனைக்கவில்லை. வீட்டில் இப்போது இரவு ஏழரைக்கே சோறு. பாத்திரங்களை நானும் தம்பியும் கழுவுகிறோம். உம்மாவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.