பின் எண்ணா, பின் பெயரா?
லினக்ஸ் கெர்னலில் ஒரு மாற்றத்தைச் சரிபார்க்கும் முறை



மைக்ரோ கன்ட்ரோலர் லேபில் எல்.இ.டி.யை எரிய விட்டுப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார். வயர் எந்தப் பின்னுக்குப் போகிறதோ அந்த எண்ணைப் புரோகிராமில் எழுதுவோம், எல்.இ.டி. எரியும், ரெக்கார்டில் கையெழுத்து வாங்குவோம். அவ்வளவுதான்! ஒரே போர்டு, ஒரே புரோகிராம் என்பதால் அங்கே அது போதும்.

ஆனால் லினக்ஸ் கெர்னல் எத்தனையோ வகைப் போர்டுகளில் ஓடுகிறது. ஒரே டிரைவர் ஒரு போர்டில் 5-ஆம் பின்னையும், இன்னொரு போர்டில் 40-ஆம் பின்னையும் இயக்க வேண்டும். "என் பின் எது?" என்று டிரைவர் கேட்க, கெர்னல் தேடிக் கொடுக்கிறது. இதுதான் பின் தேடல். இந்த இடத்தில் ஒருவர் திருத்தம் செய்து பேட்ச் அனுப்பினால், அதைப் படித்துச் சரிபார்ப்பவர் எதை எதைப் பார்க்கிறார் என்பதை இங்கே காண்போம்.

எண் போய்ப் பெயர் வந்தது

ஆரம்பத்தில் கெர்னலில் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு முழு எண் இருந்தது. நம் ஊர்களில் கதவு எண்ணைப் பழையது, புதியது என்று மாற்றிவிட்டால் கடிதம் வேறு வீட்டுக்குப் போகிறதல்லவா? அதே தொல்லைதான் இங்கும். ராஸ்பெரி பை 4 போர்டை எடுத்துக்கொள்வோம். அதன் 40 பின் வரிசையில் 11-ஆவது இடத்தில் இருப்பது ஜி.பி.ஐ.ஓ. 17. பழைய கெர்னல்களில் சிஸ்எஃப்எஸ் வழியாக அதன் எண் 17. 6.6 கெர்னலுக்கு மாறியபோது அதுவே 529 ஆகிவிட்டது. 17 என்று எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட்கள் நின்றுபோயின. வயர் அதே இடத்தில்தான் இருந்தது!

2014 ஜனவரியில் வெளிவந்த 3.13 கெர்னலில் புதிய முறை வந்தது. டிரைவர் எண்ணைச் சொல்வதில்லை. "ரீசெட் பின் வேண்டும்" என்று வேலையின் பெயரைச் சொல்கிறது. கெர்னல் அந்தப் போர்டின் டிவைஸ் ட்ரீயில் தேடி, எந்தச் சிப், எத்தனையாவது பின், அது நேரா தலைகீழா என்ற மூன்றையும் எடுத்துக்கொள்கிறது. டிவைஸ் ட்ரீ என்பது போர்டில் என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல். பழைய டிரைவர்களைப் புதிய முறைக்கு மாற்றும் பேட்ச்களில்தான் ரிவ்யூ செய்பவருக்கு வேலை அதிகம்.

முதலில் பார்க்க வேண்டியது: தலைகீழ்

மோட்டார் ஸ்டார்ட்டரில் ஸ்டார்ட் பட்டன் என்.ஓ., ஸ்டாப் பட்டன் என்.சி. இரண்டையும் அழுத்தத்தான் செய்கிறோம். ஆனால் ஒன்றில் கான்டாக்ட் சேரும், மற்றதில் பிரியும். அழுத்துகிறவருக்கு அந்தக் கவலை வேண்டாம். பெயருள்ள பின்னும் அப்படித்தான். பல சிப்களில் ரீசெட் பின் 0 வோல்ட்டுக்கு வந்தால்தான் சிப் ரீசெட் ஆகும். இதை ஆக்டிவ் லோ என்பார்கள். பழைய டிரைவர் ரீசெட் செய்ய 0 என்று எழுதும். புதிய முறையில் 1 என்று எழுத வேண்டும். இங்கே 1 என்றால் "ரீசெட் செய்" என்று பொருள். டிவைஸ் ட்ரீயைப் பார்த்து அதை 0 வோல்ட்டாக மாற்றுவது கெர்னலின் பொறுப்பு.

ஆகவே பேட்சில் ஒவ்வொரு 0-வும் 1-ஆகவும், ஒவ்வொரு 1-ம் 0-ஆகவும் மாறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். பின்னை வாங்கும்போதே கொடுக்கும் ஆரம்ப நிலையையும் பார்க்க வேண்டும். அங்கே "அவுட் ஹை" என்று இருப்பதை 3.3 வோல்ட் என்று நினைத்துவிடக் கூடாது. "ஆக்டிவ் நிலையில் தொடங்கு" என்பதே அதன் பொருள். ஒன்று தப்பினாலும் போச்சு, சிப் ரீசெட்டிலேயே கிடக்கும். கம்பைலர் இதைக் கண்டுபிடிக்காது.

அடுத்தது: கிடைக்காத பின்

பின் கிடைக்கவில்லை என்பதிலும் வகை உண்டு. டிவைஸ் ட்ரீயில் அப்படி ஒரு பின்னே இல்லை என்பது ஒன்று. பின் இருக்கிறது, ஆனால் அதைக் கொடுக்க வேண்டிய சிப்பின் டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது நேரும்போது கெர்னல் "பிறகு வா" என்ற பொருளில் 517 என்ற எர்ரர் எண்ணைத் தருகிறது. டிரைவர் அதை அப்படியே மேலே திருப்பிக் கொடுத்தால் பின்னர் மறுபடி முயற்சி நடக்கும். அதை "பின் இல்லை" என்று எடுத்துக்கொண்டு டிரைவர் மேலே போய்விட்டால், ரீசெட் ஆகாத சிப்போடு பேச முயன்று தோற்கும். ஒரு தடவை பூட் ஆனால் வேலை செய்யும், அடுத்த தடவை செய்யாது. இந்த மாதிரிக் கோளாறைத் தேடுவதைப் போல் கஷ்டமான வேலை வேறில்லை!

பேட்சில் தெரியாத போர்டுகள்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். பழைய டிரைவர்கள் பல, டிவைஸ் ட்ரீயில் நேரா தலைகீழா என்று எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லை. அதனால் அங்கே தப்பாக எழுதியிருந்தாலும் போர்டு ஓடியது. புதிய முறை அதை நம்பிப் படிக்கிறது. நேற்றுவரை ஓடிய போர்டு இன்று நின்றுவிடும். பெயரிலும் இதே சிக்கல் உண்டு. கெர்னல் தேடுவது "ரீசெட்-ஜிபிஐஓஸ்" என்ற பெயரை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.எல்.வி.320.ஏ.ஐ.சி.3.எக்ஸ் ஆடியோ சிப்புக்குப் பழைய டிவைஸ் ட்ரீக்களில் "ஜிபிஐஓ-ரீசெட்" என்று மாற்றி எழுதியிருந்தார்கள்.

"டிவைஸ் ட்ரீயைத் திருத்தினால் ஆயிற்று" என்று சொல்லலாம். ஆனால் விற்றுப்போன போர்டுகளில் பழையதே இருக்கும். அவற்றின் சொந்தக்காரர் கெர்னலை மட்டும் புதுப்பிப்பார். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தக் கூடாது என்பது லினக்ஸில் கண்டிப்பான விதி. எனவே இப்படிப்பட்ட பழைய பெயர்களுக்கும் தவறான குறிப்புகளுக்கும் கெர்னலுக்குள்ளேயே ஒரு விதிவிலக்குப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். டிரைவரை மாற்றுகிற பேட்ச் வந்தால், அதைப் பயன்படுத்தும் டிவைஸ் ட்ரீக்களையெல்லாம் தேடிப் பார்த்து, "பழைய போர்டு என்ன ஆகும்?" என்று கேட்பவரே நல்ல ரிவ்யூவர்.

நமக்கு இதில் என்ன?

தோழர்களே, மேலே சொன்னவற்றில் பாதி புரோகிராம் அறிவு, மீதிப் பாதி சர்க்யூட் அறிவு. டேட்டா ஷீட்டில் பின் பெயருக்கு மேல் போட்டிருக்கும் கோட்டைக் கவனிக்கத் தெரிந்தவர் சொல்லும் ஒரு வார்த்தை, நூறு வரி எழுதியவரின் தவறைத் தடுக்கும். அந்தக் கோட்டைத்தான் நாம் முதல் வருட டிஜிட்டல் லேபிலேயே படித்துவிடுகிறோம். கெர்னலுக்கு வரும் பேட்ச்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கருத்தும் சொல்லலாம். டிப்ளமோவா, டிகிரியா, வீட்டில் யார் படித்தவர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சொன்னது சரியா என்று மட்டுமே பார்க்கிறார்கள். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்திருக்கும் நம்மைப் போன்றோருக்கு இது சின்ன விஷயமல்ல. லேப் நேரம் போக மிச்ச நேரத்தில் ஒரு சின்ன டிரைவரையும் அதன் சிப்பின் டேட்டா ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்!